யாவாரத்தைப் படிக்கவும் ஒரு பிள்ளை வேண்டும்



உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு எடுக்கும் பிள்ளைகளுக்கு நம் ஊர்களில் மூன்று பாதைகளைத்தான் காட்டுகிறோம். வங்கி வேலை, கணக்காளர் பரீட்சை, இரண்டும் சரிவராவிட்டால் வாப்பாவின் கடை. "கெம்பஸ் போய், சிறு வியாபாரங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து, அதையே வாழ்நாள் தொழிலாக எடுக்கப் போகிறேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால் வீட்டில் வரும் பதில் நம் எல்லோருக்கும் தெரியும்: "யாவாரத்தப் பத்திப் படிச்சி என்ன மகன் செய்யப் போறாய்? அந்தக் காசிக்கு ஒரு கடையப் போடலாமே!"

அந்தக் கேள்வி நியாயமானதுதான். அதனால் அதற்குச் சரியான பதில் சொல்ல வேண்டும்.

சுனாமி வந்து சில மாதங்களில், 2005 ஏப்ரலில், நம் நாட்டிலேயே ஓர் ஆய்வு தொடங்கியது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சுரேஷ் டி மெல், உலக வங்கியின் டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் என்று மூன்று பொருளியலாளர்கள் சேர்ந்து செய்தது. களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் தையல்காரர், சைக்கிள் திருத்துபவர், இடியப்பம் விற்பவர், சில்லறைக் கடைக்காரர் போன்றவர்களிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்க் கணக்குக் கேட்டார்கள். சீட்டுக் குலுக்குவது போல ஆட்களைத் தெரிந்து, சிலருக்கு 10,000 ரூபாய், சிலருக்கு 20,000 ரூபாய் இனாமாகக் கொடுத்தார்கள். சிலருக்குப் பணமாக, சிலருக்குப் பொருளாக. மற்றவர்களுக்கு அப்போது ஒன்றும் கொடுக்கவில்லை. பிறகு இரு தரப்பையும் ஒப்பிட்டார்கள்.

2008இல் முடிவு வெளிவந்தது. கொடுத்த முதலுக்கு மாதம் 4.6 முதல் 5.3 வீதம் வரை வருமானம் கிடைத்திருக்கிறது. 10,000 ரூபாய் போட்டால் மாதம் ஐந்நூறு ரூபாய் அளவில் மேலதிக இலாபம். அப்போதைய வங்கி வட்டியை விட இது எவ்வளவோ கூட. ஏழை வியாபாரியிடம் குறைவாக இருப்பது முதல்தான், முயற்சி அல்ல என்பதை அனுமானமாகச் சொல்லாமல் கணக்கில் காட்டினார்கள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் நம்மை யோசிக்க வைக்க வேண்டிய முடிவு. அந்த இலாபம் முழுக்க ஆண்களின் தொழில்களில்தான் வந்திருந்தது. பெண்களுக்குக் கொடுத்த பணத்தால் அவர்களுடைய தொழிலில் சராசரியாக இலாபம் கூடவே இல்லை. "பெண்களுக்கு வியாபாரம் சரிவராது" என்று சொல்லி அந்த இடத்திலேயே பலர் நிறுத்தியிருப்பார்கள். ஆய்வாளர்கள் நிறுத்தவில்லை. இலங்கை, இந்தியா, கானா நாடுகளின் தரவுகளை வேறு ஒரு குழு திரும்பவும் எடுத்துப் பார்த்து 2019இல் எழுதியது. வீட்டில் அந்தப் பெண் மட்டும் தொழில் செய்யும் இடங்களில் அவளுடைய இலாபம் ஆண்களுடையதைப் போலவே இருந்தது. கணவரும் தொழில் செய்யும் வீடுகளில் அவளுக்குக் கொடுத்த பணம் பெரும்பாலும் கணவரின் தொழிலுக்குள் போயிருந்தது.

இதை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ரமழானிலும் ஸகாத் குழுக்கள் தையல் மெஷின் கொடுக்கின்றன, சிறு கடைக்கு முதல் கொடுக்கின்றன. நல்ல நோக்கம், அல்லாஹ் அதை ஏற்றுக்கொள்ளட்டும். ஆனால் இரண்டு வருடம் கழித்து அந்த மெஷின் ஓடுகிறதா, விற்கப்பட்டதா, அந்த முதல் யார் கைக்குப் போனது என்று எழுதி வைப்பவர் யார்? மறுபக்கம் நுண்கடன். பெண்ணின் பெயரில் கடன், கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டியவளும் அவள். அந்தச் சுமை எந்த அளவுக்குப் போனது என்றால், 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஓர் இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வந்தது. பணம் வீட்டுக்குள் எப்படி நகர்கிறது என்று தெரியாமல் கடன் கொடுத்தாலும் தர்மம் கொடுத்தாலும் நாம் கண்ணை மூடிக்கொண்டுதான் கொடுக்கிறோம்.

இன்னொன்று. சிறு வியாபாரிகள் ஏன் பதிவு செய்வதில்லை? "வரிக்குப் பயம்" என்று சுலபமாகச் சொல்லிவிடுவோம். அதே மூவரும் கொழும்பிலும் கண்டியிலும் இதையும் சோதித்துப் பார்த்தார்கள். தகவல் கொடுத்து, பதிவுச் செலவையும் திருப்பித் தருவதாகச் சொன்னபோது ஒரு மாற்றமும் இல்லை. ஏறக்குறைய இரண்டு மாத இலாபத்துக்குச் சமமான தொகை தருவதாகச் சொன்னபோது பாதிப்பேர் பதிந்தார்கள். அதன் பிறகும் பதியாதவர்கள் சொன்ன காரணங்களில் முன்னுக்கு நின்றது காணிப் பிரச்சினை. கடை இருக்கும் இடத்துக்குக் காட்ட ஒழுங்கான பத்திரம் இல்லை. கிழக்கில் உறுதி இல்லாத காணியில் கடை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்த ஆய்வுகள் தெற்கிலும் கொழும்பிலும் கண்டியிலும் நடந்தவை. நம்முடைய கேள்விகளை நாம்தான் கேட்க வேண்டும். மருதமுனைத் தறிக்காரரின் பிள்ளை ஏன் தறியில் உட்கார மறுக்கிறது? காத்தான்குடியில் ஒரு தலைமுறை கட்டியெழுப்பிய கடை அடுத்த தலைமுறையில் ஏன் பிரிகிறது? 2022 நெருக்கடியில் கடன் கொப்பியை நம்பி நடந்த கடைகளில் எவை தப்பின, எவை மூடின? ஒலுவிலில் உள்ள பல்கலைக்கழகம் நம் வாசலில் இருக்கிறது. அங்கே முகாமைத்துவ வர்த்தகப் பீடமும் இருக்கிறது. மொழி தெரிந்த, ஊர் தெரிந்த நம் பிள்ளைக்குக் கிடைக்கும் பதில் வெளியூர் ஆய்வாளருக்குக் கிடைக்காது.

ஆனால் நம் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டுமே! வினாக்கொத்தைக் கொண்டு வரும் மாணவியிடம், "மாசம் எவ்வளவு இலாபம்?" என்றால், "ஏதோ அல்லாஹ் தந்தது போகுது" என்று அனுப்பிவிடுகிறோம். அந்த ஆய்வாளர்களே சிறு தொழிலாளர்கள் விற்பனையைச் சுமார் 30 வீதம் குறைத்துச் சொல்வதைக் கண்டுபிடித்தார்கள். பொய் சொல்வதால் மட்டும் அல்ல, பலரிடம் கணக்கே இல்லாததாலும்தான். தவறான பதிலில் இருந்து தவறான திட்டம்தான் வரும்.

இந்தப் பாதை இலேசானதல்ல. நல்ல வகுப்பில் பட்டம், தற்காலிக விரிவுரையாளராகச் சில வருடங்கள், முதுமாணி, கலாநிதிப் பட்டம் என்று முப்பது வயதைத் தாண்டிவிடும். ஹார்ட்வெயார் கடை வைத்த கூட்டாளி அதற்குள் வீடு கட்டி முடித்திருப்பான். புள்ளிவிபரவியல் வேண்டும், ஆங்கிலம் வேண்டும், வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கும் பொறுமையும் வேண்டும். ஆய்வை ஆங்கிலச் சஞ்சிகையில் போட்டுப் பதவி உயர்வு எடுத்துவிட்டு ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லாத விரிவுரையாளர்களும் இருக்கிறார்கள். அது குறைதான். வர்த்தக சங்கமும் பள்ளிவாசலும் அவர்களைக் கூப்பிட்டு, "எங்கள் ஊரைப் பற்றி என்ன கண்டீர்கள்? தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும்.

வாப்பாமார், உம்மாமாரிடம் என் வேண்டுகோள் இதுதான். கணக்கிலும் கேள்வி கேட்பதிலும் ஆர்வமுள்ள பிள்ளை இந்தப் பக்கம் போக விரும்பினால் மறிக்காதீர்கள். கடை முதலாளிமாரே, அடுத்த முறை வினாக்கொத்தோடு வரும் பிள்ளைக்கு ஒரு பிளேன்டீ கொடுத்து, உண்மையைச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், ஒழுங்கான ஆய்வாளர் எழுதமாட்டார். ஸகாத் குழுவினரே, இந்த வருடம் கொடுக்கும் உதவிகளுக்கு ஒரு கொப்பி போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து எழுதி வையுங்கள். நாளை வரப்போகும் ஆய்வாளருக்கு அதுதான் முதல் தரவு.