உதடே சீவாளி

பள்ளி விடுமுறை தொடங்கிய மறுநாள் காலை, எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன் கறுப்புப் பெட்டியும் கையுமாக என் வீட்டு வாசலில் வந்து நின்றான். ஆறாம் ஆண்டு வரை என்னிடம் படித்தவன். இப்போது பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவம். பெட்டிக்குள் இருந்தது பள்ளி கொடுத்த டிரம்பெட்.

“சார், ஒரு நாள் நல்லா வருது. மறுநாள் தகரத்தைத் தட்டுற மாதிரி இருக்கு. லீவு முடிஞ்சதும் ஊதிக் காட்டணும். சரியில்லேன்னா வேற பையனுக்குக் கொடுத்துடுவாங்களாம்” என்றான். கண் கலங்கியிருந்தது.

பயிற்சிக் கல்லூரி நாளில் நானும் பேண்ட் குழுவில் அதை ஊதியவன்தான். “எங்கே, ஊது பார்ப்போம்” என்றேன். எடுத்த எடுப்பில் மேல் சுரத்துக்குப் பாய்ந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. கருவியை இறக்கியபோது உதட்டில் வட்டமாய் ஒரு பள்ளம். என் இளமைப் பிழைகளெல்லாம் கண்முன் வந்து நின்றன!

நாதஸ்வரத்துக்கு நாணலில் செய்த சீவாளி உண்டு. டிரம்பெட்டுக்கு அது கிடையாது. நம் உதடே சீவாளி. மூச்சுப் பட்டு அது அதிர்ந்தால்தான் நாதம். ஊதுவாயை அழுத்தினால் உதட்டில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு அதிர்வு கெடும். அழுத்திப் பிடித்த மேல் சுரம் இன்று வரும், நாளை வராது.

அவனுக்கு நான் கொடுத்தது ஒரே பயிற்சி. வால்வு எதையும் அமுக்காமல் நடுவில் வரும் ‘ஜி’ சுரத்தை மெதுவாகத் தொடங்கி, மெல்லப் பெருக்கி, மெதுவாகவே முடிக்க வேண்டும். பத்து விநாடி ஊதினால் பத்து விநாடி ஓய்வு. பிறகு அரைச்சுரம் அரைச்சுரமாகக் கீழே இறங்கலாம். நாளைக்கு இருபது நிமிடம், அதுவும் இரண்டு வேளையாக. உரக்க ஊதுவதைவிட மெல்ல ஊதுவதே கடினம். கார்னெட் மேதை ஹெர்பர்ட் கிளார்க் 1912-இல் வெளியிட்ட பயிற்சி நூலிலும் மெல்ல ஊதும்படிதான் சொல்கிறார். (கார்னெட்டை டிரம்பெட்டின் தம்பி எனலாம்.) கைத்தொலைபேசியில் பதிவு செய்து கேட்கவும் சொன்னேன். ஊதும்போது தெரியாத நடுக்கம் அதில் தெரிந்துவிடும்.

லயத்தில் ஊத வழியில்லை. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. ஆகவே பள்ளிக்குப் பின்னாலுள்ள மரத்தடி, மழை பெய்தால் எங்கள் வீட்டுக் குசினி. முதல் வாரம் காதைப் பொத்திக்கொண்ட என் மனைவி, இப்போது கடிகாரத்தைப் பார்த்து விநாடி எண்ணுகிறாள்.

பெற்றோர்களே, “பாட்டு வாசிக்காமல் ஒரே சத்தத்தை இழுத்துக்கொண்டிருக்கிறானே” என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். இந்தப் பையனின் தாயாரும் முதலில் அப்படித்தான் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். செம்பனைக் காட்டில் வேலை முடிந்து களைத்து வருகிறவர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

நேற்று பன்னிரண்டு விநாடி பிடித்தான். ஒன்பதாவது விநாடியில் சற்று நடுங்கிற்று. திங்கட்கிழமை ஊதிக் காட்ட வேண்டும். இன்று மாலையும் வருவான்.