மொழியை விட்டுவிட்டு வந்த மறுஆக்கம்

('லூசியா', 'எனக்குள் ஒருவன்' ஆகிய இரு படங்களின் முடிவும் இப்பதிவில் பேசப்படுகிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து வாசிக்கலாம்.)

ஒரு த்ரில்லர் ஏமாற்றமளித்தால் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பெரும்பாலும் இரண்டுதான். பணம் போதவில்லை என்பது ஒன்று. திரைக்கதை பலவீனம் என்பது மற்றொன்று. 2015 மார்ச்சில் வெளிவந்த 'எனக்குள் ஒருவன்' படத்துக்கு இவ்விரண்டும் பொருந்தவில்லை. அதன் மூலமான கன்னட 'லூசியா' (2013) அதைவிடக் குறைந்த பணத்தில் எடுக்கப்பட்டது. திரைக்கதையோ பெரும்பாலும் மூலத்தைப் பின்பற்றியே அமைந்தது. ஆயினும் பெங்களூரில் கொண்டாடப்பட்ட கதை, சென்னைக்கு வந்ததும் சோர்ந்துபோனது. வழியில் தவறிப்போனது எது என்னும் கேள்வி, திரைப்பட வணிகர்களைவிட மொழியியல் மாணவர்களுக்கே அதிகம் உரியது.

'லூசியா' உருவான விதம் பலரும் அறிந்ததே. 'லைஃபு இஷ்டேனே' (2011) படத்துக்குப் பின் தம் அடுத்த கதைக்குத் தயாரிப்பாளர் கிடைக்காத பவன் குமார், தம் வலைப்பூவில் வெளிப்படையாக எழுதிப் பொதுமக்களிடமே பணம் கேட்டார். நூற்றுக்கும் மேற்பட்டோர் சேர்ந்து சுமார் 50 லட்சம் ரூபாய் திரட்டித் தந்தனர். 2013 ஜூலையில் லண்டன் இந்தியத் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டுப் பார்வையாளர் விருதைப் பெற்ற பிறகு, செப்டம்பரில் அது கர்நாடகத் திரையரங்குகளுக்கு வந்தது. தமிழில் அதை எடுக்க முன்வந்தவர் 'அட்டகத்தி', 'பீட்சா', 'சூது கவ்வும்' என்று சிறு முதலீட்டுப் படங்களால் பெயர்பெற்ற சி.வி.குமார். இயக்கம் பிரசாத் ராமர், நடிப்பு சித்தார்த், இசை சந்தோஷ் நாராயணன். குறை காணத்தக்க கூட்டணி அன்று அது. படத்தைப் பாராட்டிய விமர்சகர்களும் இருந்தனர்.

கதையின் முடிச்சு எளிமையானது. பழைய திரையரங்கு ஒன்றில் டார்ச் அடித்து இருக்கை காட்டும் இளைஞன் தூக்கமின்மையால் அவதிப்படுகிறான். லூசியா என்னும் மாத்திரையை விழுங்கினால் அவன் கனவில் பெரிய நடிகனாகிறான். கனவு கறுப்பு வெள்ளையில் ஓடுகிறது, நிஜம் வண்ணத்தில். இறுதியில் எல்லாம் தலைகீழாகிறது. நடிகன்தான் நிஜம், டார்ச் அடிப்பவன் அந்த நடிகன் காணும் கனவு.

இந்தத் திருப்பம் தமிழிலும் உள்ளது. ஆனால் கன்னடத்தில் அது ஏன் நெஞ்சைத் தைத்தது என்பதற்கான காரணம், திருப்பத்துக்கு முன்பே பேச்சில் நெய்யப்பட்டிருந்தது. அங்கே நிக்கியாக நடித்தவர் மண்டியா மாவட்டத்துக்காரரும், ஹெக்கோடு நீநாசம் நாடகப் பள்ளியில் பயின்றவருமான சதீஷ். டார்ச் அடிக்கும் நிக்கி பேசுவது ஊர்ப்புறக் கன்னடம். நட்சத்திரமான நிகில் பேசுவது நகரத்தின் மெருகேறிய கன்னடம். காதலி ஸ்வேதா நிக்கிக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்கிறாள். அவன் தடுமாறுகிறான், பார்ப்போர் சிரிக்கின்றனர். முடிவு தெரிந்த பின் அந்தச் சிரிப்பின் பொருளே மாறிவிடுகிறது. எல்லாம் கைவரப்பெற்ற ஒருவன், தான் ஆங்கிலம் அறியாதவனாக இருக்கும் ஒரு வாழ்வைக் கனவாகத் தேர்ந்துகொள்கிறான். அவன் இழந்தது எளிய வாழ்க்கை மட்டுமா? ஒரு பேச்சு வழக்கையும் சேர்த்தே இழந்திருக்கிறான்.

இதற்குப் பின்னணியாக நிற்பது பெங்களூர். தன் மாநிலத்தின் தலைநகரிலேயே கன்னடம் பல மொழிகளுள் ஒன்றாக வாழ்கிறது; 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெங்களூர் நகர மாவட்டத்தில் அதைத் தாய்மொழியாகக் கொண்டோர் பாதிக்கும் குறைவு. தமிழ், தெலுங்கு, இந்தி, ஆங்கிலப் படங்கள் அந்தந்த மொழியிலேயே அங்கு ஓடுகின்றன. பிறமொழிப் படங்களைக் கன்னடத்தில் டப்பிங் செய்வதற்கு 1960களிலிருந்து திரைத்துறை நடைமுறையில் தடை விதித்திருந்தது; 2015 ஜூலையில்தான் இந்தியப் போட்டி ஆணையம் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கெம்பேகவுடா சாலையில் வரிசையாக நின்ற ஒற்றைத் திரையரங்குகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பெரும்புகழ் பெற்ற கபாலியும் இடிக்கப்பட்டது. இத்தகைய நகரில், சங்கரண்ணா என்னும் முதியவர் தம் திரையரங்கை விற்க மறுத்து நிற்கும்போது, பார்வையாளர் அதில் ஒரு கட்டடத்தோடு ஒரு மொழியின் இருப்பையும் காண்கின்றனர். நிக்கி கையிலிருக்கும் டார்ச் வெளிச்சத்துக்கு அந்தக் கனம் உண்டு.

சென்னையில் தமிழுக்கு இந்த நிலை இல்லை. அங்கே ஒரு பழைய திரையரங்கு மூடப்படுவது வருத்தமான செய்திதான். ஆனால் தமிழ்ப்படம் ஓடுவதற்கு இடம் அற்றுப்போகும் என்ற அச்சம் எவருக்கும் எழுவதில்லை. எனவே அதே திரையரங்கு, அதே உரிமையாளர், அதே மிரட்டல் எனினும், தமிழில் அது கடந்தகால ஏக்கமாகவும் நிலத்தகராறாகவும் சுருங்கிவிட்டது.

கன்னடப்படம் நாவினால் காட்டிய வேறுபாட்டைத் தமிழ்ப்படம் ஒப்பனையால் காட்ட முயன்றது என்பது அதனினும் பெரிய இழப்பு. டார்ச் அடிக்கும் விக்கிக்காக சித்தார்த்தின் முகம் கறுப்பாக்கப்பட்டது. நட்சத்திரம் இயல்பான நிறத்தில் வலம்வந்தான். ஏழை என்றால் கறுப்பு என்னும் இந்தச் சமன்பாட்டில் உள்ள அறக்குறை ஒருபுறம் இருக்கட்டும். கலைக்குறையும் அதிலேயே உள்ளது. இரண்டு முகங்களின் வேறுபாடு முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். அதன்பின் அதற்குச் சொல்ல ஏதுமில்லை. இரண்டு பேச்சு வழக்குகளின் வேறுபாடோ ஒவ்வொரு உரையாடலிலும் புதிதாகச் செயல்படக்கூடியது. பார்வையாளரை அறியாமலே ஐயத்தை விதைக்கவும் வல்லது.

தமிழில் அதற்கு வழியில்லையா? இரட்டை வழக்குக்கு எடுத்துக்காட்டாக மொழியியல் வகுப்புகளில் தவறாமல் சுட்டப்படும் மொழி தமிழ். பெர்குசன் 1959இல் அக்கருத்தை முன்வைத்த காலந்தொட்டு அதுபற்றிய ஆய்வுகளுக்குக் குறைவில்லை. வடசென்னைப் பேச்சு, மதுரைப் பேச்சு, பாதி ஆங்கிலத்தில் நடக்கும் நட்சத்திரப் பேட்டி, இசை வெளியீட்டு விழாவின் மேடைத்தமிழ் என்று ஒரே நடிகனைப் பலராக்கும் கருவிகள் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடந்தன. படம் அவற்றை நம்பவில்லை.

மறுஆக்கமே கூடாது என்பது இதன் முடிவாகாது. பவன் குமாரின் 'யூ டர்ன்' (2016) பெங்களூரின் ஒரு மேம்பாலத்தில் நடக்கும் கதை. சாலைத் தடுப்புக் கற்களை நகர்த்திவிட்டு வண்டியைத் திருப்புவோரின் பொறுப்பின்மையே அதன் முடிச்சு. 2018இல் அவரே அதைத் தமிழிலும் தெலுங்கிலும் சமந்தாவை வைத்து எடுத்தபோது, கதை பெருஞ்சேதமின்றிக் கடந்துவந்தது. சாலை விதியை மீறும் பழக்கம் எல்லா நகரங்களுக்கும் பொது. ஒரு மேம்பாலத்தின் இடத்தில் இன்னொரு மேம்பாலம் நிற்க முடியும். ஒரு மொழியின் நெருக்கடிக்கு அவ்வாறு மாற்று நிறுத்த முடியாது. மறுஆக்க உரிமையை வாங்குவோர், கதையின் முடிச்சு எப்பொருளால் ஆனது என்று முதலில் பார்க்க வேண்டும்.

'எனக்குள் ஒருவன்' என்னும் தலைப்பும் புதியதன்று. 1984இல் கமல்ஹாசன் நடித்து அதே பெயரில் வந்த படமும், இந்தி 'கர்ஸ்' (1980) படத்தின் மறுஆக்கமே. கடன் வாங்குவதில் தமிழ்த்திரைக்கு நெடிய பழக்கம் உண்டு. வாங்கியதைத் தன் மொழியின் தறியில் மீண்டும் நெய்ய வேண்டும் என்னும் பொறுமைதான் இங்கு குறைவு.

பெங்களூரில் தமிழும் கன்னடமும் அறிந்த மாணவர் பலர். மொழிபெயர்ப்பியல் வகுப்பில் இவ்விரு படங்களிலிருந்தும் ஆங்கிலம் கற்கும் பகுதியை மட்டும் எடுத்து அடுத்தடுத்துத் திரையிட்டால் போதும். மொழி என்பது கதையின் மேலுறை என்று எண்ணுவோர்க்கு அதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.