வில்லங்கம் இல்லையாம்!

சுவரைத் தட்டியும் கிணற்று நீரைச் சுவைத்தும் பார்த்து வீடு வாங்குவோர், பத்திரத்தைப் படிக்க மட்டும் ஏனோ சோம்புகிறார்கள். "வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை" என்று தரகர் சொன்னதும் முன்பணம் கைமாறிவிடுகிறது. அச்சான்றோ பதிவானவற்றை மட்டுமே காட்டும். உயிலைப் பதிவு செய்தே தீரவேண்டுமென்று 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் சொல்லவில்லை. காலஞ்சென்ற தகப்பனார் எழுதிவைத்தது பெட்டியடியில் கிடக்கலாம்.

நாம் அறிந்த நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற பணம் முழுவதையும் கொடுத்து வீடு வாங்கினார். கிருகப்பிரவேசத்துக்கு மறுமாதமே விற்றவரின் தங்கை வழக்குத் தொடுத்தார். ஹிந்துக் குடும்பத்தின் பூர்விக சொத்தில் 2005-ஆம் வருஷத்துத் திருத்தப்படி பெண்களுக்கும் சமபாகம் உண்டென்பதை அண்ணன் மறந்திருந்தார். நம் நண்பரும் கேட்கவில்லை.

முன்பணம் தருமுன் வாரிசுச் சான்றையும் மூலப் பத்திரத்தின் அசலையும் கேளுங்கள். அசல் அடகில் இருப்பதும் உண்டு. "அது ஊரில் இருக்கிறது" என்றால், ஊருக்கே போய்ப் பார்த்து வாருங்கள்.