வைக்கோலோடு லாரி ஏறும் பொட்டாஷ்

மலருக்குப் பொட்டாஷ் உரத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் விடுதி அறையே சிரித்தது. "மெக்கானிக்கல்காரனுக்கு உரக்கடையில என்னடா வேலை?" என்றான் ஒருவன். நண்பர்களே, சிரித்தவர்களில் பாதிப்பேர் வீட்டில் அறுவடை முடிந்த கையோடு வைக்கோலை விற்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நம்ம பக்கம் குறுவை, தாளடி, அப்புறம் உளுந்து என்று ஒரே வயலில் மூன்று வெள்ளாமை. உளுந்துக்கு நாம் அடியுரம் வைப்பதில்லை. தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது விதையைத் தெளித்து விடுகிறோம். பூக்கும்போது டி.ஏ.பி. கரைசல் அடித்தால் அதுவே பெரிது. நெல் விட்டு வைத்த மிச்சத்தைத் தின்றுதான் உளுந்து விளைகிறது.

நெல்லுக்காவது ஒழுங்காகப் போடுகிறோமா? யூரியா போட்டால் நாலு நாளில் பயிர் கரும்பச்சை கட்டும், அப்பாவுக்கு மனசு நிறைந்துவிடும். பொட்டாஷின் வேலை அப்படிக் கண்ணுக்குத் தெரியாது. தண்டு உறுதிப்படுவதும், மணியில் பால் ஏறுவதும், பழுப்பு நிறத்தில் இலைப்புள்ளி விழாமல் தாங்குவதும் அதனால்தான். கதிர் வாங்கிய பிறகு ஒரு மழைக்காற்று அடித்துப் பயிர் படுத்தால் காற்றைத் திட்டுகிறோம்.

இதில் விவசாயியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நம் நாட்டுக்குப் பொட்டாஷ் கனடா, ரஷ்யா, பெலாரஸ், ஜோர்டான், இஸ்ரேல் என்று கப்பலில்தான் வருகிறது. 1992 ஆகஸ்டில் மத்திய அரசு பொட்டாஷுக்கும் பாஸ்பேட்டுக்கும் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தது. யூரியா விலையையோ குறைத்தது! 1991-92-ல் நாடு முழுக்க 13 லட்சம் டன்னுக்கு மேல் போட்ட பொட்டாஷ் சத்து, மறு வருஷமே 9 லட்சம் டன்னுக்குக் கீழே இறங்கியது. 2022-ல் உக்ரைன் போர் வந்தபோது ஒரு மூட்டை 1,700 ரூபாய். யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. கையில் ஐந்நூறு ரூபாய் உள்ளவன் எதை வாங்குவான்?

ஆனால் நான் சொல்ல வந்தது மூட்டை விலை இல்லை. வைக்கோல்.

நெற்பயிர் உறிஞ்சும் பொட்டாஷில் பெரும்பகுதி நெல்மணிக்குப் போவதில்லை, வைக்கோலிலேயே தங்கிவிடுகிறது. குறைத்துப் போட்டாலும் ஒரு டன் வைக்கோலில் 15 கிலோ பொட்டாசியம். ஏக்கருக்கு இரண்டு டன் என்றால் 30 கிலோ. உரக்கணக்கில் அது 36 கிலோ பொட்டாஷ் சத்து, அதாவது சுமார் 60 கிலோ உரம். டெல்டாவில் குறுவை நெல்லுக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு ஹெக்டேருக்கு 50 கிலோ சத்து. ஏக்கருக்குப் பார்த்தால் 33 கிலோ உரம்தான். சொன்னபடி முழுசாகப் போட்டாலும், போட்டதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு லாரியில் ஏறிப் போகிறது. வண்டல் களியும் ஆற்றுத் தண்ணீரும் கொஞ்சம் ஈடுகட்டும், வாஸ்தவம். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து மணற்சாரி நிலத்தில் அந்தக் கையிருப்பும் கம்மி.

எங்கள் ஆத்தா காலத்தில் வைக்கோல் போரில் இருந்தது. மாடு தின்றது. மாடு தின்ற பொட்டாஷ் சாணியைவிடக் கோமியத்தில்தான் அதிகம் வெளியே வரும். அதனால்தானோ என்னவோ, கோடையில் கொட்டில் மண்ணை வெட்டி வண்டியில் ஏற்றி வயலில் இறைப்பார்களாம். அடுப்புச் சாம்பலும் குப்பைக்குழிக்கே போகும். பொட்டாஷ் என்ற பெயரே சட்டியில் காய்ச்சிய சாம்பலிலிருந்து வந்ததுதான்! ஆத்தா வேதியியல் படித்ததில்லை.

இப்போது அறுவடை மிஷின் வருகிறது, பின்னாலேயே கட்டுக் கட்டும் மிஷின் வருகிறது, கட்டுகள் கேரளாவுக்குப் போகின்றன. நானே அந்த மிஷினை வாய் பிளந்து பார்த்தவன்.

இதையெல்லாம் வீட்டில் நோட்டுப் புத்தகத்தோடு சொன்னேன். அப்பா கடைசிவரை கேட்டார். "வைக்கோல் காசுலதான் உனக்கு போன செமஸ்டர் பீஸ் கட்டுனேன் தம்பி" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. அதோடு, வைக்கோல் வயலில் கிடந்தால் முளைத்த உளுந்து மூடிப் போகும் என்றார். குறுவை வைக்கோலை அவசரமாக மடக்கி உழுதால் தாளடி நாற்று மஞ்சளடிக்கும் என்றார். இரண்டும் உண்மை, என் நோட்டில் இல்லாத உண்மை.

அப்புறம் சாப்பிட்டு எழுந்தபோது அவரே சொன்னார்: "வடக்கு ஓரத்து ஒரு மாவுல இந்தத் தடவை உளுந்து தெளிக்க வேணாம். வைக்கோல அப்படியே விட்டு கோடை உழவுல மடக்கிப்புடுவோம். குறுவையில பாக்கலாம்."