தினம் இருபது வார்த்தை என்னும் வியாதி



இன்று கொஞ்சம் காரமாக எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து பழைய மாணவன் ஒருவன், பத்தாவது படிக்கும் மகளோடு வந்தான். "தினம் இருபது அட்வான்ஸ்டு வார்த்தை மனப்பாடம் பண்றா சார். நீங்களே கேட்டுப் பாருங்க" என்றான். கேட்டேன். 'மெட்டிகுலஸ்' என்றதும் அர்த்தத்தை மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

"சரிம்மா, உனக்குத் தெரிஞ்சவங்கள்ல மெட்டிகுலஸா வேலை செய்யறவங்க யாரு?"

விழித்தாள்.

"அப்பா கோர்வைச் சேலை நெய்யறதைப் பார்த்திருக்கியா? மூணு நாடா ஓடும். கரை சேர்ற இடத்துல ஒரு இழை தப்பினா?"

"சேலையே வீணாயிடும் சார்."

"அப்போ மெட்டிகுலஸ் யாரு?"

சிரித்துக்கொண்டே அப்பாவைப் பார்த்தாள். இனி அந்தச் சொல் அவளை விட்டுப் போகாது.

பட்டியல் கொடுத்துக் காசு பார்ப்பவர்களை மட்டும் நான் திட்டவில்லை. நானும் குற்றவாளிதான். கரும்பலகை நிறைய எழுதிப் போட்டு ஒப்பிக்கச் சொன்னேன். தப்பியவர்களைப் பெஞ்சு மேல் ஏற்றினேன். அதில் எத்தனை சொல் இன்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது?

டெக்ஸ்ட், கான்டெக்ஸ்ட், டெக்ஸ்சர், டிஷ்யூ நான்கும் 'நெய்தல்' என்று பொருள்படும் ஒரே லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. கான்டெக்ஸ்ட் என்றால் சேர்த்து நெய்தது. வாக்கியத்திலிருந்து பிய்த்தெடுத்த சொல், பாவிலிருந்து அறுந்த இழை மாதிரிதான். அதை வைத்து எதை நெய்வது? இதைத் தறி வீட்டுப் பிள்ளைக்குக்கூட நாம் சொல்லிக் கொடுப்பதில்லை!

"தறியை விட்டு வெளியே வரணும்னுதானே சார் இங்கிலீஷே" என்றான் அவன். நியாயம்தான், வரட்டும். ஆனால் தறியை மறைத்துவிட்டு வர வேண்டியதில்லை. இதே காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் 1909இல் பிறந்தவர்தான் அண்ணா. 1962இல் மாநிலங்களவையில் அவர் பேசிய ஆங்கிலத்தை நாடே கவனித்தது. நாமோ 'பிகாஸ்' கதையை வருஷா வருஷம் ஃபார்வர்டு செய்கிறோம். அவர் புத்தகம் புத்தகமாகப் படித்ததைச் சொல்வதில்லை.

என் யோசனை இதுதான். தினம் ஒரு பக்கம் ஆங்கிலம் படிக்கட்டும். புரியாத மூன்றே சொல்லை எடுக்கட்டும். ஒவ்வொன்றையும் வைத்து வீட்டையோ தெருவையோ பற்றி ஒரு வாக்கியம் எழுதட்டும். இருபதும் வேண்டாம், ஃபீஸும் வேண்டாம்.

உங்கள் பிள்ளைகளின் முதல் வாக்கியத்தைக் கீழே போடுங்கள். பிழை இருந்தாலும் பரவாயில்லை. ரிட்டையர் ஆன பிறகும் என் சிவப்புப் பேனாவில் மை இருக்கிறது. ஆனால் இனி யாரையும் பெஞ்சு மேல் ஏற்ற மாட்டேன்.