வலக்கையின் ஓய்வுநாள்



ஞாயிறு திருப்பலியில் இசைக்கருவியின் முன் அமர்ந்திருக்கும் இளைஞனை என்றேனும் உற்றுப் பார்த்ததுண்டா? காலையில் அவன் என்ன உண்டான், எங்கிருந்து வந்தான், திருப்பலி முடிந்ததும் எங்கே ஓடுகிறான் என்று எண்ணியதுண்டா? நான் எண்ணியதில்லை. பங்குத்தந்தையாகிய நானே எண்ணாதிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ளவே இம்மாதம் எழுதுகிறேன்.

எங்கள் பாடற்குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கும் தம்பிக்கு வயது 23. தென் மாவட்டச் சிற்றூர் ஒன்றில், கோவில் ஆர்மோனியத்தில் கை பழகியவன். பியானோவை முறையாகக் கற்க வேண்டும் என்னும் ஆவலோடு சென்னைக்கு வந்து, மயிலாப்பூரில் மொட்டைமாடி அறை ஒன்றில் தனியே தங்கியிருக்கிறான். விடியற்காலை ஐந்து மணிக்குப் பயிற்சி தொடங்கும். வீட்டுக்காரர் உறக்கம் கெடக்கூடாதென்று காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்வான். பிற்பகலில் அடையாற்றில் மூன்று வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருவான். மாலையில் தியாகராய நகர்த் திருமண மண்டபங்களில் மெல்லிசைக் குழுவோடு வாசிப்பான். கனத்த கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு இருசக்கர வண்டியில் திரும்பும்போது நள்ளிரவாகிவிடும். இடையில் எங்கள் பாடற்குழுவுக்கு வாரம் இருமுறை ஒத்திகை. அதற்கு நாங்கள் கொடுத்த ஊதியம், ஒரு கோப்பைத் தேநீர்.

அவனுடைய சமையலைப் பற்றிய கதைகள் பங்கு முழுவதும் பரவியிருந்தன. ஹெட்போன் மாட்டிய காதில் குக்கரின் விசில் கேட்கவில்லை. நீர் வற்றி, பாதுகாப்பு அடைப்பான் பிய்த்துக்கொண்டு, பருப்பு கூரையில் போய் ஒட்டியது. பல்லவியை மனத்தில் ஓட்டிக்கொண்டே வெங்காயம் நறுக்கியதில் இடக்கைச் சுட்டுவிரல் வெட்டுப்பட்டது. அந்த ஞாயிறு நான்கே விரல்களால் இடக்கையை ஓட்டினான். எங்களில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

திருவருகைக்காலம் தொடங்கியபின் கதைகள் பெருகின. பால் பாத்திரம் கைநழுவியது. ஊறுகாய்ப் போத்தலின் மூடியைத் திறக்கமுடியாமல் கீழ்வீட்டு அம்மாவிடம் கொண்டுபோனான். கஞ்சி வடிக்கையில் பானை சரிந்து கை வெந்தது. “சமைக்கத் தெரியாத பிள்ளை, சீக்கிரம் ஒரு கல்யாணத்தைச் செய்துவையுங்கள் சாமி” என்று பெண்கள் கேலி பேச, நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஒருநாள் ஒத்திகைக்குப்பின் அவன் தயங்கி நின்றான். “சாமி, இரவில் வலக்கை மரத்துப் போகிறது. மணிக்கட்டு விண்விண்ணென்று வலிக்கிறது. நவநாளுக்கு மட்டும் வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லலாமா?” என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பெருவிழா முடியட்டும் தம்பி. ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.”

கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலியில் வானவர் கீதம் பாதியில் இருந்தபோது மேல்சுருதி திடீரென நின்றது. இடக்கை மட்டும் தாழ்ந்த குரலில் தொடர்ந்தது. மக்கள் ஒலிபெருக்கியில் கோளாறு என்று நினைத்தனர். திருப்பலி முடிந்து திருப்பண்ட அறைக்கு வந்தேன். வலக்கையை மார்போடு அணைத்தபடி அவன் அங்கே உட்கார்ந்திருந்தான். எல்லார் முகத்திலும் விழாக்களை இருந்தது. அவன் முகத்தில் அச்சம் மட்டுமே இருந்தது.

மருத்துவர் எளிதாக விளக்கினார். விரலை மடக்கி நிமிர்த்தும் தசைகளில் பெரும்பாலானவை விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அவற்றுள் விரலை மடக்கும் தசைகளின் இழுவிசையை விரலுக்குக் கொண்டுசெல்லும் தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு குறுகிய வழியாகச் செல்கின்றன. அதே வழியாகத்தான் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றுக்கு உணர்வூட்டும் நரம்பும் செல்கிறது. ஓய்வின்றி ஒரே அசைவைச் செய்தால் நாண்கள் வீங்கி நரம்பை நெருக்கும். இரவில் கை மரத்துப்போவதும், பிடி தளர்ந்து பொருள் நழுவுவதும் அதன் அறிகுறிகள். “வீட்டில் பாத்திரங்களைக் கீழே போட்டீரா?” என்று அவர் கேட்டபோது நான் தலைகுனிந்தேன். நாங்கள் சிரித்த கதைகள் யாவும் அந்த மணிக்கட்டு எழுப்பிய கூக்குரல்!

மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டு, ஆறு வாரம் வாசிக்கக்கூடாது என்றார். தம்பிக்கு அது மரண ஓலைபோல் இருந்தது.

கை முடங்கிய கலைஞர்கள் உலகில் பலர். ஜெர்மானியரான ராபர்ட் ஷூமன் (1810–1856) பியானோக் கலைஞராகவே புகழ்பெற விரும்பினார். ஏறக்குறைய 22 வயதில் வலக்கை விரல் கெட்டு அந்த ஆசையை விடவேண்டியதாயிற்று. பின்னர் இசை படைப்பவராக நிலைபெற்றார். அமெரிக்கப் பியானோக் கலைஞர் லியான் ஃபிளைஷருக்கு 1960களின் நடுவில், புகழின் உச்சியில் இருந்தபோது, வலக்கையின் இரு விரல்கள் தாமே சுருண்டுகொண்டன. அது வேறுவகை நோய். அவர் இடக்கைக்கென எழுதப்பட்ட இசையை வாசித்தார், இசைக்குழுக்களை நடத்தினார், மாணவரை உருவாக்கினார். முப்பது ஆண்டுகளுக்குப்பின் சிகிச்சையால் தேறி, இரு கைகளாலும் வாசித்து 2004இல் இசைத்தட்டும் வெளியிட்டார். 2020இல் 92ஆம் வயதில் மறைந்தார்.

இவற்றைத் தம்பியிடம் சொன்னேன். “அவர்கள் பெரியவர்கள் சாமி. எனக்கு மார்ச்சில் டிரினிடி தேர்வு” என்றான். ஆகவே அவன் குடியிருக்கும் மயிலாப்பூரையே எடுத்துக்கொண்டேன். அங்கே விடுதி அறை ஒன்றில்தான் தன்ராஜ் மாஸ்டர் மேல்நாட்டு இசையைக் கற்பித்தார். பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா 1968இல் அவரிடம் பயிலத் தொடங்கினார். ‘அன்னக்கிளி’ வெளிவந்தது 1976இல். “இடையே எட்டு ஆண்டுகள், தம்பி. உனக்கு ஆறு வாரம் நீண்டதா?” என்றேன். முதன்முறையாக அவன் சிரித்தான்.

அன்பர்களே, லூக்கா நற்செய்தி ஆறாம் அதிகாரத்தில், கை சூம்பிய மனிதனை ஆண்டவர் ஓய்வுநாளில் நலமாக்குகிறார். மத்தேயுவும் மாற்கும் ‘கை’ என்று மட்டும் சொல்லும் இடத்தில், லூக்கா ஒருவர்தாம் அது வலக்கை என்று குறித்து வைக்கிறார். அவர் மருத்துவர் என்பது திருச்சபையின் மரபு. எந்தக் கை என்று நோக்குவது மருத்துவரின் இயல்பு. வலக்கை என்றால் அம்மனிதனின் பிழைப்பு; அவன் வீட்டு அடுப்பு. தொழுகைக்கூடத்தில் இருந்த மறைநூல் அறிஞர் கிழமையைப் பார்த்தனர். இயேசு அம்மனிதனின் கையைப் பார்த்தார். நானோ பெருவிழாவைப் பார்த்தேன், கையைப் பார்க்கவில்லை. ‘ஆண்டவர் பார்த்துக்கொள்வார்’ என்று நான் சொன்னது விசுவாசம் அன்று. என் பொறுப்பை ஆண்டவர் தலையில் ஏற்றிவிட்ட சோம்பல். அதைத் தம்பியிடமும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

எலியா இறைவாக்கினர் பாலைநிலத்தில் மனம் சோர்ந்து சாவை வேண்டியபோது, வானதூதர் அவருக்கு அறிவுரை கூறவில்லை. அப்பமும் தண்ணீரும் தந்தார், உறங்கவிட்டார், எழுப்பி மீண்டும் உண்ணச் சொன்னார். அதன் பிறகே மலைப்பயணம். எங்கள் அன்பியக் குடும்பங்களும் அவ்வழியே சென்றன. ஆறு வாரமும் முறை வைத்து அந்த மொட்டைமாடி அறைக்கு உணவு சென்றது. ஜனவரி முழுவதும் கருவியின்றிப் பாடினோம். முதல் ஞாயிறு சுருதி அலைந்தது. நான்காம் ஞாயிறு, இதுவரை வாய் திறவாத பெரியவர்களும் பாடினர்.

இழப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். அடையாற்றில் ஒரு வீட்டார் வேறு ஆசிரியரை அமர்த்திக்கொண்டனர். தேர்வு தள்ளிப்போயிற்று. தவக்காலத்தில் பத்து நிமிடத்தில் தொடங்கி, இப்போது அரைமணி வாசித்தபின் கை நீட்டி ஓய்வெடுக்கிறான். கருவியைத் தாங்கிவரப் பாடற்குழுவில் இருவர் உண்டு. கைச்செலவுக்குப் பங்குப் பேரவை மாதந்தோறும் ஒரு தொகை ஒதுக்கியுள்ளது. சமைக்கும்போது ஒரு காதை மட்டும் திறந்து வைத்து விசில் எண்ணுகிறானாம்.

இளையோரே, வலி வந்தால் மறைக்காதீர்கள். அது பலவீனம் அன்று, காலத்தே வந்த எச்சரிக்கை. பெற்றோரே, தேர்வுக்காகப் பிள்ளையின் கையை வாட்டாதீர்கள். பங்குப் பொறுப்பாளரே, இலவசமாய்ப் பெறும் தொண்டு தொண்டருக்கு என்ன விலையாகிறது என்று கேளுங்கள். மற்றவர்களே, வரும் ஞாயிறு உங்கள் கோவிலில் இசைப்பவரை அணுகி, ‘நன்றாக வாசித்தாய்’ என்பதற்கு முன் ‘சாப்பிட்டாயா?’ என்று கேளுங்கள்.

சூம்பிய வலக்கையைக் கண்ட ஆண்டவர், நம் அருகில் சோரும் கைகளைக் காணும் கண்களை நமக்கு அருள்வாராக!