தொட்டில் ரூமை மூடாதீங்க!



சேலையூரிலிருந்து ஒரு பாட்டி எழுதுகிறேன். வயது 66. மகனுக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. மருமகள் தாம்பரம் சானடோரியத்தில், மெப்ஸில் இருக்கும் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறாள். பேரனுக்கு ஆறு வயது, பேத்திக்கு ஒன்றரை.

எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு சர்ச் இருக்கிறது. அதன் பின்பக்கம் ஓடு போட்ட மூணு ரூம். அங்கே சபைக்காரர்கள் பாலர் பள்ளியும் குழந்தைகள் காப்பகமும் நடத்துகிறார்கள். நாங்கள் இந்து. ஆனாலும் பேரனை அவனுக்கு ஒன்றே கால் வயதிலிருந்து அங்கேதான் விட்டோம். ஆரம்பத்தில் எனக்கு இதில் இஷ்டமே இல்லை. "பாட்டின்னு ஒருத்தி வீட்டுல குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பிள்ளையை எதுக்கு வெளியில விடணும்?" என்று மூணு நாள் மருமகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "அத்தை, உங்க முழங்காலை வெச்சுக்கிட்டு மாடிப்படி பக்கம் ஓடுற பிள்ளையைப் பிடிக்க முடியுமா?" முடியாதுதான். வீம்புக்கு ஒரு வாரம் பார்த்தேன். பிறகு நானே ஒயர் கூடையில் ரெண்டு செட் டிரஸ், பால் பாட்டில், தூங்கும்போது பிடித்துக்கொள்ளும் என் பழைய சேலைத் துண்டு எல்லாம் எடுத்துக்கொண்டு கொண்டுபோய் விட்டேன்.

காலை எட்டு மணிக்கு விட்டால் சாயங்காலம் ஆறரைக்கு அழைத்து வரலாம். பத்தரைக்கு ராகிக் கஞ்சி, மத்தியானம் பருப்பு சாதம், அப்புறம் பாயில் தூக்கம், எழுந்ததும் சுண்டல். கைக்குழந்தைகளுக்கென்று தனி ரூம். உத்திரத்தில் சேலைத் தூளி கட்டியிருப்பார்கள். எல்லாரும் அதைத் தொட்டில் ரூம் என்றுதான் சொல்வோம். மழையில் மின்சார ரயில் நின்றுபோய் மருமகள் எட்டு மணிக்கு வந்த அன்றுகூட, ஆயாம்மா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வாசல் லைட் அடியில் உட்கார்ந்திருந்தார்.

(பேரன் சாம்பார் சாதம் முன்னால் கண்ணை மூடி "ஆமென்" சொன்ன அன்று என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பிள்ளையார் படத்துக்கு முன்னாலும் அதையே சொன்னான். பிள்ளையார் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.)

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வரும் ஜூனிலிருந்து மூணு வயதுக்குக் குறைந்த குழந்தைகளைச் சேர்ப்பதில்லை என்று அங்கே முடிவு செய்யப் போகிறார்களாம். தொட்டில் ரூமை எடுத்துவிட்டு அதில் இன்னொரு எல்.கே.ஜி. போடப் போகிறார்கள். காரணம் கேட்டால், "பெத்தவங்க எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க" என்கிறார்கள்.

அது பொய்யில்லை. கேட்டவர்களில் நானும் ஒருத்தி!

பேரனுக்கு மூணு வயது நடக்கும்போது பக்கத்து வீட்டு அம்மா, "ரெண்டு வருஷமா அனுப்பறீங்க, ஒரு ரைம்ஸ்கூட சொல்ல மாட்டேங்கறானே?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மறுநாளே டீச்சரிடம் போய், "ஏபிசிடி எழுதச் சொல்லித் தரக்கூடாதா?" என்று சண்டைக்கு நின்றேன். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னது: "அம்மா, நேத்து அவனே சட்டை பட்டன் போட்டான். மரக்குதிரையைப் பக்கத்துப் பையனுக்கு விட்டுக்கொடுத்தான். சாதம் சிந்தாம சாப்பிடறான். விரலுக்கு வலு வரட்டும், எழுத்து தானா வரும்." அப்போது எனக்கு அது சமாளிப்பு மாதிரி இருந்தது. இன்று ஒன்றாம் வகுப்பில் அவன் எழுதுவதைப் பார்த்தால் அவர் பக்கம்தான் நியாயம்.

பாலர் பள்ளி என்பது உலகத்தில் எப்படித் தொடங்கியது என்றும் அந்த டீச்சரே ஒருநாள் சொன்னார். பிரான்ஸில் அல்சாஸ் மலைப்பக்கத்து ஏழைக் கிராமம் ஒன்றில் சாரா பான்சே என்ற இளம்பெண் சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு பின்னல் வேலை சொல்லித் தந்தாளாம். அந்த ஊர்ப் பாதிரியார் ஓபர்லின் அதைப் பார்த்து, 1770 வாக்கில் அதையே சுற்றுக் கிராமங்களுக்கும் கொண்டுபோனார். மரியா மாண்டிசோரி அம்மையாரும் 1907ல் ரோம் நகரத்தில் தொழிலாளிகள் குடியிருந்த கட்டடத்தில்தான் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குப் போனதும் பிள்ளைகள் சுவரெல்லாம் கிறுக்கி, படிக்கட்டைப் பாழாக்கினார்களாம். அவர்களை யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் கட்டடக்காரர்கள் ஒரு ரூம் ஒதுக்கினார்கள். அதே அம்மையார் 1939ல் நம் அடையாறுக்கே வந்து ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். இன்று தெருவுக்குத் தெரு அவர் பெயர் போட்ட போர்டு. ஆனால் பிள்ளையை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்! பன்னிரண்டிலிருந்து ஆறரை வரை யார் பார்ப்பது?

எல்.கே.ஜி.க்கு தாம்பரத்தில் பஞ்சமே இல்லை. 2019லிருந்து அரசாங்கமே 2381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்பு தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் கைக்குழந்தைக்கு அங்கன்வாடியில் சத்துமாவு வாங்கி வரலாமே தவிர, சாயங்காலம் வரை விட்டுவிட்டு வேலைக்குப் போக பெரும்பாலும் வழியில்லை.

"நாம வீட்டுலதானே இருக்கோம், நமக்கென்ன?" என்று நினைக்கும் சகோதரிகளுக்கு என் கதையைச் சொல்கிறேன். 1972ல் நான் எட்டாம் வகுப்பு பாதியில் நின்றேன். அம்மா நடவுக்குப் போக வேண்டும், தம்பிக்கு ஒரு வயது, வீட்டில் மூத்த பெண் நான். அவ்வளவுதான், வேறு காரணமே கிடையாது. அதே 1972ல்தான் மீனா சுவாமிநாதன் அம்மையார் தலைமையிலான குழு, பள்ளி வயதுக்கு முந்திய குழந்தைகளைப் பற்றி மத்திய அரசுக்கு அறிக்கை கொடுத்தது என்று பிற்பாடு படித்தேன். 1975 அக்டோபர் 2ல் அங்கன்வாடித் திட்டமும் வந்தது. அதற்குள் எனக்குக் கல்யாணப் பேச்சு வந்துவிட்டது. தம்பி படித்து பாங்க் மேனேஜர் ஆனான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. இருந்தாலும் அவன் வீட்டு விசேஷத்தில் யாராவது "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டால் அடுப்படிப் பக்கம் போய்விடுவேன்.

இன்றைக்கும் எங்கள் தெருவில் வீட்டு வேலைக்கு வரும் ஒரு பெண்ணின் கடைசிப் பிள்ளை அந்தத் தொட்டில் ரூமில்தான் தூங்குகிறது. அவளுக்கு பாதி ஃபீஸ்தான். மூத்தவள் ஆறாவது படிக்கிறாள். தூளியை அவிழ்த்தால் அந்தப் பிள்ளையை யார் வைத்துக்கொள்வது என்று நான் சொல்ல வேண்டுமா?

சபைக்காரர்கள் சொல்லும் கஷ்டமும் நியாயம்தான். இருபத்தைந்து எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர் போதும். நாலு கைக்குழந்தைக்கே ஒரு ஆயா வேண்டும். நாம் ஆயாம்மாவுக்குப் புடவை எடுத்துக்கொடுக்கிறோம், சம்பளம் கூட்டச் சொன்னால் ஃபீஸ் ஏறுமே என்று வாயை மூடிக்கொள்கிறோம். பால் பவுடர் விலை ஏறினால் மட்டும் யாரையும் கேட்காமல் கொடுக்கவில்லையா?

கம்பெனிகளுக்கும் பொறுப்பு உண்டு. 1948 தொழிற்சாலைச் சட்டமே பெண் தொழிலாளிகள் அதிகமுள்ள இடத்தில் காப்பகம் வேண்டும் என்றது. 2017ல் திருத்திய மகப்பேறு சலுகைச் சட்டம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பக வசதி வேண்டும், அதைத் தனியாகவோ பொதுவாகவோ வைக்கலாம், தாய் ஒரு நாளைக்கு நாலு முறை போய்ப் பார்த்து வரலாம் என்றது. 1984லிருந்து மெப்ஸ் இருக்கிறது. அங்கே நாலைந்து கம்பெனிகள் சேர்ந்து, பக்கத்தில் ஏற்கெனவே நடக்கிற இது போன்ற காப்பகங்களுக்குப் பணம் கொடுத்து இடம் எடுத்தால் என்ன? மருமகளை அவள் கம்பெனி ஹெச்.ஆரிடம் கேட்கச் சொன்னேன். "கேட்டா என்னை ஒரு மாதிரி பாப்பாங்க அத்தை" என்கிறாள். தனியாகக் கேட்டால் பார்ப்பார்கள்தான். பத்துப் பேராகப் போய்க் கேட்கட்டும்.

ஆயா போதவில்லை என்றால், பிள்ளைகள் தூங்கி எழும் நேரத்துக்கு மத்தியானம் ரெண்டு மணி நேரம் நானே போய் உட்காரத் தயார். தூளி ஆட்டுவதற்கு முழங்கால் தேவையில்லை. என்னைப் போல் இன்னும் ரெண்டு பேர் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். சீரியல் எங்கேயும் போய்விடாது.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டி கூடுகிறது. போதகர் ஐயா, "வந்து சொல்லுங்கம்மா, கேக்கறோம்" என்று சொல்லிவிட்டார். ஒன்பது தாய்மார்களும் நானும் போகிறோம். ஏபிசிடி கேட்டு அன்று சண்டை போட்டது நான்தான் என்பதையும் அங்கே சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

- ஒரு வாசகி, சேலையூர்.